பழக்கத்தை எழுதி வெச்சுட்டு பல வருஷம் காத்திருக்கிற ஆராய்ச்சி: கோஹார்ட் ஸ்டடின்னா என்ன?

1951 அக்டோபர் கடைசில பிரிட்டன் டாக்டருங்களுக்கு தபால்ல ஒரு சின்ன கேள்வித்தாள் போச்சு. அனுப்புனது ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க. கேள்வி ரொம்ப கம்மி: வயசு என்ன, இப்ப புகை பிடிக்கிறீங்களா, முன்னாடி பிடிச்சு விட்டுட்டீங்களா, இல்ல பிடிச்சதே இல்லையா, பிடிச்சா ஒரு நாளைக்கு எவ்ளோ, எந்த வயசுல ஆரம்பிச்சீங்க. கிட்டத்தட்ட 40 ஆயிரம் டாக்டருங்க பதில் போட்டாங்க. அதுக்கப்புறம் இவங்க முக்கியமா பண்ணது ஒண்ணுதான். பதில் போட்டவங்கள்ல யார் எப்ப இறந்தாங்க, எந்த நோய்ல இறந்தாங்கன்னு குறிச்சுக்கிட்டே வந்தாங்க, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, 50 வருஷம்.

கோஹார்ட் ஸ்டடின்னா இதுதான். ஒரு கூட்டம் மனுஷங்களை எடுத்துக்கணும், நாம பாக்கப் போற நோய் இன்னும் வராதவங்களா இருக்கணும், அவங்க என்ன சாப்பிடறாங்க, நடக்கறாங்களா, சிகரெட் உண்டா, பிபி எவ்ளோ, எல்லாத்தையும் இன்னைக்கே எழுதி வெச்சுடணும், அப்புறம் வருஷக்கணக்கா பின்தொடர்ந்து போய் யாருக்கு என்ன வந்துச்சுன்னு பாக்கணும். கடைசில பழக்கம் இருந்த கூட்டத்துல எத்தனை பேருக்கு நோய் வந்துச்சு, இல்லாத கூட்டத்துல எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு ஒப்பிடணும். யாரையும் சிகரெட் பிடின்னு சொல்றதில்ல, விடுன்னும் சொல்றதில்ல, அவங்கவங்க வாழ்க்கை அப்படியே போகும், ஆராய்ச்சியாளர் குறிச்சு மட்டும் வெப்பார்.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும், ஆஸ்பத்திரிக்குப் போய் நுரையீரல் கேன்சர் வந்தவங்களைக் கேட்டா ஒரே மாசத்துல தெரிஞ்சுடாதான்னு தோணும். டாலும் ஹில்லும் முதல்ல அதைத்தான் பண்ணாங்க. லண்டன் ஆஸ்பத்திரிகள்ல நுரையீரல் கேன்சர் இருக்கிற 709 பேரையும், அந்த கேன்சர் இல்லாத வேற 709 நோயாளிகளையும் விசாரிச்சு 1950ல ஒரு கட்டுரை போட்டாங்க. கேன்சர் வந்தவங்கள்ல புகை பிடிக்கிறவங்க அதிகம், அதுவும் ரொம்ப பிடிக்கிறவங்க அதிகம்னு நல்லாவே தெரிஞ்சுது. ஆரம்பத்துல டால் சந்தேகப்பட்டது கார் புகையையும் ரோட்டுக்குப் போடற தாரையும்தான், டேட்டா வேற பக்கம் கையைக் காட்டுனதும் அவரே சிகரெட்டை விட்டுட்டார்.

ஆனா அந்த மாதிரி பின்னாடி திரும்பிப் பாக்கற ஆராய்ச்சில ஒரு சிக்கல் இருக்கு. நோய் வந்தப்புறம் ஒருத்தர்கிட்ட போய் பழசைக் கேட்டா, அவர் ஞாபகம் அந்த நோயோட சேர்ந்துதான் வரும். தனக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு ராத்திரி பூரா யோசிச்சவர் சொல்ற பதிலும், கால் எலும்பு முறிஞ்சு பக்கத்து பெட்ல படுத்திருக்கிறவர் சொல்ற பதிலும் ஒரே மாதிரி இருக்கும்னு எப்படி நம்பறது? 1951 கேள்வித்தாள்ல அந்த பிரச்சனை கிடையாது. பதில் எழுதும்போது யாருக்கு கேன்சர் வரப்போகுதுன்னு எழுதுறவருக்கும் தெரியாது, கேக்கறவருக்கும் தெரியாது. பழக்கம் முன்னாடி, நோய் பின்னாடி, அந்த வரிசை காகிதத்துலயே இருக்கு. என்னைக் கேட்டா இந்த ஒரு விஷயத்துக்காகவே கோஹார்ட் ஸ்டடிக்கு இவ்ளோ மரியாதை கொடுக்கலாம்.

டாக்டருங்களை ஏன் பிடிச்சாங்கன்னா, அவங்க பேரெல்லாம் மெடிக்கல் ரிஜிஸ்டர்ல இருக்கு, வீடு மாறுனாலும் கண்டுபிடிச்சுடலாம், கேள்வி கேட்டா ஒழுங்கா பதில் போடுவாங்க. 1954ல வந்த முதல் அறிக்கைல நுரையீரல் கேன்சர்ல இறந்தவங்க வெறும் 36 பேர்தான். ஆனா அந்த 36லயே ஒரு நாளைக்கு பிடிக்கிற அளவு ஏற ஏற சாவும் படிப்படியா ஏறறது தெரிஞ்சுடுச்சு. அப்புறம் 1957, 1966, 1971ன்னு விட்டு விட்டு மறுபடி மறுபடி கேள்வித்தாள் அனுப்பி யார் விட்டாங்க, யார் தொடர்ந்து பிடிக்கிறாங்கன்னு அப்டேட் பண்ணிக்கிட்டே வந்தாங்க, 2001 வரைக்கும்.

2004ல 50 வருஷ ரிசல்ட் வந்துச்சு. ஆண் டாக்டருங்க 34,439 பேர்ல அதுக்குள்ள 25 ஆயிரத்துக்கும் மேல இறந்துட்டாங்க. தொடர்ந்து சிகரெட் பிடிச்சவங்க, பிடிக்காதவங்களை விட சராசரியா சுமார் 10 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. 60 வயசுல விட்டவங்களுக்கு அந்த 10ல சுமார் 3 வருஷம் திரும்பக் கிடைச்சுது, 50ல விட்டா 6, 40ல விட்டா 9, 30ல விட்டா கிட்டத்தட்ட முழுசும். இந்த வரியை நான் சிகரெட் பிடிக்கிற எல்லாருக்கும் சொல்றதுண்டு, ஏன்னா "இவ்ளோ வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது"ன்னு கேக்கறவங்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அறுபதுல விட்டாகூட மூணு வருஷம், அது பேரன் பேத்தி ஸ்கூலுக்குப் போறதைப் பாக்கற மூணு வருஷம்.

சரி, இதய நோய் பக்கம் வருவோம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்ல பிபி 186/108 இருந்துச்சு, 1945 ஏப்ரல் 12ம் தேதி மூளைல ரத்தக்கசிவு வந்து இறந்தார், அன்னைக்கு பிபி 300/190. நாட்டோட அதிபருக்கே இந்த நிலைமை, ஏன்னா பிபிக்கு அப்ப நல்ல மருந்தும் இல்ல, அதை இறக்கணுங்கிற எண்ணமும் பல டாக்டருங்களுக்கு இல்ல, வயசானா பிபி ஏறும், அது உடம்புக்குத் தேவைதான்னு நினைச்சவங்க நிறைய பேர். 1948ல அடுத்த அதிபர் ட்ரூமன் இதய நோய் ஆராய்ச்சிக்குன்னு ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார், அதே வருஷம் பாஸ்டன் பக்கத்துல ஃப்ராமிங்ஹாம்னு ஒரு ஊர்ல 30லேர்ந்து 62 வயசுக்குள்ள இருந்த 5,209 ஆண் பெண்களைச் சேத்து ஒரு கோஹார்ட் ஸ்டடியை ஆரம்பிச்சாங்க.

ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வரணும், பிபி, ரத்தம், இசிஜி எல்லாம் எடுப்பாங்க, போயிடலாம். யாருக்கு ஹார்ட் அட்டாக் வருது, யாருக்கு ஸ்ட்ரோக் வருதுன்னு கணக்கு ஏறிக்கிட்டே இருக்கும். 1961ல அவங்க போட்ட கட்டுரைல ஆரம்பத்துலயே பிபி அதிகமா இருந்தவங்களுக்கும் கொலஸ்ட்ரால் அதிகமா இருந்தவங்களுக்கும் பின்னாடி இதய நோய் கூடுதலா வந்துருக்குன்னு காட்டிட்டாங்க. இன்னைக்கு நீங்க எந்த க்ளினிக்குக்குப் போனாலும் முதல்ல கைல பட்டையைச் சுத்தி பிபி பாக்கறாங்க இல்ல, அந்த நம்பருக்கு இவ்ளோ மதிப்பு வந்ததுல ஃப்ராமிங்ஹாம் ஜனங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. நம்ம பக்கமும் "வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதான் உன் பிபி"ன்னு சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு அந்தக் கணக்கைக் கேட்டுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. 1971ல அந்த 5,209 பேரோட பிள்ளைங்களைச் சேத்தாங்க, 2002ல பேரப்பிள்ளைங்களை, ஸ்டடி இன்னும் ஓடுது.

இப்ப கணக்கு எப்படி போடறாங்கன்னு பாக்கலாம். எல்லாரும் ஒரே அளவு காலம் ஸ்டடில இருக்க மாட்டாங்க, ஒருத்தர் ரெண்டு வருஷத்துல ஊரை விட்டுப் போயிடுவார், ஒருத்தர் இருபது வருஷம் இருப்பார். அதனால தலையை மட்டும் எண்ணாம ஆளையும் வருஷத்தையும் பெருக்கி எண்ணுவாங்க, கட்டட வேலைல நாலு ஆள் மூணு நாள் வந்தா பன்னெண்டு ஆள் கூலின்னு மேஸ்திரி கணக்கு எழுதற மாதிரியே. 1,000 பேரை 10 வருஷம் பாத்தா 10,000 ஆள்-வருஷம். அதுல எத்தனை பேருக்கு நோய் வந்துச்சுங்கிறதுதான் விகிதம். ரெண்டு கூட்டத்தோட விகிதத்தை ஒண்ணால ஒண்ணை வகுத்தா எத்தனை மடங்குன்னு வரும், ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா எத்தனை பேருக்கு கூடுதலா வந்துச்சுன்னு வரும். இந்த ரெண்டும் வேற வேற, ஏன்னு கொஞ்சம் கீழ சொல்றேன், அதுல ஏமாந்து போறவங்க ரொம்ப அதிகம்.

இவ்ளோ நல்ல முறைன்னா கோஹார்ட் ஸ்டடி சொல்றதை எல்லாம் அப்படியே எடுத்துக்கலாமான்னா, முடியாது. வரிசை சரியா இருக்கு, ஒப்பிடற கூட்டம் சரியா இருக்கான்னுதான் கேக்கணும்.

லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், டபுள் டெக்கர் பஸ் டிரைவருங்களையும் கண்டக்டருங்களையும் ஒப்பிட்டு 1953ல ஒரு கட்டுரை போட்டார். டிரைவர் நாள் முழுக்க உக்காந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக்கிட்டு மாடிக்கும் கீழைக்கும் ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார், ஒரு நாளைக்கு 500லேர்ந்து 750 படி. ரெண்டு பேரும் ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பம். கண்டக்டருங்களுக்கு இதய நோய் கம்மியா வந்துச்சு, வந்தாலும் லேட்டா வந்துச்சு. படி ஏறுனா இதயத்துக்கு நல்லது, முடிஞ்சுதுன்னு சொல்லத் தோணுது இல்ல? மோரிஸ் அத்தோட விடல. யூனிஃபார்ம் தைக்க எடுத்த அளவு ரெஜிஸ்டரைத் தேடிப் போய் பாத்தார். டிரைவருங்களோட பேன்ட் இடுப்பளவு கண்டக்டருங்களை விட பெருசு, இளவயசு ஆளுங்கள்லயே அப்படி. அதாவது கொஞ்சம் குண்டா இருக்கிறவங்கதான் டிரைவர் வேலைக்குப் போறாங்களோ, அப்ப இதய நோய்க்கு காரணம் உக்காந்திருந்ததா, இல்ல ஏற்கனவே இருந்த உடல்வாகான்னு கேள்வி வந்துடுச்சு. 1956ல அதையும் அவரே கட்டுரையா போட்டார். தன் முடிவுக்கு எதிரா போகக்கூடிய ஆதாரத்தை தானே தேடிப் போற அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கிற அரசு ஊழியருங்களை மட்டும் எடுத்து, அவங்கள்ல லீவு நேரத்துல நல்லா வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி பண்றவங்க யாரு, பண்ணாதவங்க யாருன்னு பாத்தார், வேலை எல்லாருக்கும் ஒண்ணு, அதனால அந்த சந்தேகம் பாதி அடிபட்டுப் போச்சு, அங்கயும் பண்றவங்களுக்கு இதய நோய் கம்மியாத்தான் இருந்துச்சு.

இந்த இடுப்பளவு மாதிரி, பழக்கத்தோடவும் ஒட்டிக்கிட்டு நோயோடவும் ஒட்டிக்கிட்டு நடுவுல நிக்கிற விஷயத்தைத்தான் கன்ஃபவுண்டர்னு சொல்றாங்க. இதை சமாளிக்க ஒரு வழி, ஒரே இடுப்பளவு இருக்கிறவங்களை தனித்தனியா பிரிச்சு வெச்சு அதுக்குள்ளயே டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிடறது. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல வயசு, எடை, படிப்பு, வருமானம், சிகரெட்னு ஒரே நேரத்துல பலதை இப்படி அட்ஜஸ்ட் பண்ணிடறாங்க. ஆனா எழுதி வெச்சதைத்தான் அட்ஜஸ்ட் பண்ண முடியும், கேக்காத கேள்விக்கு கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?

எழுதி வெக்க முடியாத விஷயம் எவ்ளோ பெருசா இருக்கலாம்னு காட்ட ஒரு உதாரணம் இருக்கு, அதைப் படிச்சதுலேர்ந்து எந்த ஹெல்த் நியூஸைப் பாத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. அமெரிக்கால ஹார்ட் அட்டாக் வந்து பிழைச்ச ஆண்களுக்கு குளோஃபைப்ரேட்னு கொலஸ்ட்ரால் குறைக்கிற மருந்து ஒண்ணை சோதிச்சாங்க, ஒரு கூட்டத்துக்கு நிஜ மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. நிஜ மருந்தை ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல 5 வருஷத்துல இறந்தவங்க 15.0 சதவீதம், ஒழுங்கா சாப்பிடாதவங்கள்ல 24.6. ஆஹா மருந்து வேலை செய்யுதேன்னு தோணும். 1980ல வெளியான அந்தக் கட்டுரைல பக்கத்துலயே டம்மி மாத்திரை கணக்கும் இருக்கு: டம்மியை ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல இறந்தவங்க 15.1 சதவீதம், ஒழுங்கா சாப்பிடாதவங்கள்ல சுமார் 28. ஒண்ணுமே இல்லாத மாத்திரை, ஆனா அதை வேளாவேளைக்கு விழுங்கறவங்க கம்மியா சாகறாங்க! மாத்திரைல ஒண்ணும் இல்ல, மாத்திரையை மறக்காம சாப்பிடற அந்த மாதிரி ஆளுங்க மத்த விஷயத்துலயும் வேற மாதிரி இருக்காங்க. என்னென்ன விதத்துல வேறன்னு தெரிஞ்ச விஷயங்களை எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிப் பாத்தும் அந்த வித்தியாசம் கொஞ்சம் குறைஞ்சுதே தவிர மறையல.

இதை மனசுல வெச்சுக்கிட்டு மெனோபாஸ் ஹார்மோன் மாத்திரை கதைக்கு வாங்க. 1976ல அமெரிக்கால 30லேர்ந்து 55 வயசு வரைக்கும் உள்ள 1,21,700 நர்ஸுங்களை வெச்சு ஒரு பெரிய கோஹார்ட் ஆரம்பிச்சாங்க. அதுலயும் மத்த சில ஸ்டடிலயும் மாதவிடாய் நின்னப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கிற பெண்களுக்கு இதய நோய் கம்மியா தெரிஞ்சுது, அதை நம்பி நிறைய டாக்டருங்க இதயத்துக்கும் நல்லதுன்னு சொல்லி எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி ஆளைப் பிரிச்சு ஒரு ட்ரையல் நடந்துச்சு, 50லேர்ந்து 79 வயசு வரைக்கும் 16,608 பெண்கள், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேந்த மாத்திரை ஒரு பக்கம், டம்மி ஒரு பக்கம். 2002ல அதை பாதிலயே நிறுத்துனாங்க, ஏன்னா மாத்திரை எடுத்தவங்களுக்கு இதய நோய் குறையல, கூடிடுச்சு, மார்பகக் கேன்சரும் கூடிடுச்சு. மாத்திரையைத் தேடி வாங்கிச் சாப்பிட்டவங்க பொதுவா வசதியும் படிப்பும் உள்ளவங்க, உடம்பைப் பாத்துக்கிறவங்க, அது ஒரு காரணம். இன்னொண்ணு, கோஹார்ட்ல இருந்தவங்க பெரும்பாலும் மாதவிடாய் நின்ன உடனே ஆரம்பிச்சவங்க, ட்ரையல்ல பல பேர் அறுபதைத் தாண்டினவங்க. ஆரம்பிக்கிற வயசு முக்கியம்னு பின்னாடி பேச ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு மெனோபாஸ் தொந்தரவுக்கு அந்த மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்கிறது உண்டு, இதயத்தைக் காப்பாத்தன்னு கொடுக்கிறதில்ல.

மேல மடங்கு வேற, வித்தியாசம் வேறன்னு சொன்னேன் இல்ல, அதுக்கும் இதே ட்ரையல் போதும். இதய நோய் 29 சதவீதம் கூடுச்சுன்னு செய்தி வந்தப்ப பெண்கள் பதறிப் போனாங்க. அதே ரிசல்டை ஆள் கணக்குல சொன்னா, 10,000 பெண்கள் ஒரு வருஷம் அந்த மாத்திரையை எடுத்தா டம்மி எடுத்தவங்களை விட 7 பேருக்கு கூடுதலா இதய நோய் வரும். ரெண்டும் உண்மை. ஊர் முழுக்க கோடிக்கணக்கான பேர் எடுக்கிற மாத்திரைன்னா அந்த 7 பெரிய எண்ணிக்கை, ஆனா ஏற்கனவே எடுத்துட்டிருந்த ஒரு அம்மாவுக்கு அது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற எண்ணிக்கை இல்ல. அதனால சதவீதம் மட்டும் போட்டு ஒரு செய்தி வந்தா, எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்துலன்னு தேடிப் பாருங்க. செய்தில அது இல்லைன்னா அந்த சதவீதத்தை வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

இன்னொரு பொறி, தலைகீழ் காரணம். தினமும் கொஞ்சம் குடிக்கிறவங்க, குடிக்கவே குடிக்காதவங்களை விட ஆரோக்கியமா இருக்காங்கன்னு பல ஸ்டடில வந்துச்சு, குடிக்கிறவங்க அதை சந்தோஷமா ஃபார்வர்ட் பண்ணுவாங்க. ஆனா "குடிக்காதவங்க" பட்டியல்ல ஒரு காலத்துல நல்லா குடிச்சு உடம்பு கெட்டுப் போய் டாக்டர் சொல்லி நிறுத்துனவங்களும் சேந்துடறாங்க. அவங்க உடம்பு சரியில்லாததுக்கு குடிக்காதது காரணம் இல்ல, உடம்பு சரியில்லாததாலதான் குடிக்கல. அவங்களைப் பிரிச்சு எடுத்துட்டுப் பாத்தா அந்த நன்மை பெருமளவு கரைஞ்சு போகுது. ஒல்லியா இருக்கிறவங்க சீக்கிரம் சாகறாங்கன்னு வர்ற ரிசல்ட்லயும் இதே கதைதான், கண்டுபிடிக்காத நோயால எடை குறைஞ்சவங்க உள்ள இருப்பாங்க, அதனாலதான் நல்ல ஸ்டடில முதல் சில வருஷத்து சாவுகளை ஒதுக்கி வெச்சுட்டு மறுபடி கணக்குப் பாப்பாங்க.

அப்படின்னா சிகரெட் விஷயத்துலயும் இதே சந்தேகத்தைக் கிளப்பலாமே? கிளப்புனாங்க. புள்ளியியல்ல மிகப் பெரிய ஆளான ஆர்.ஏ. ஃபிஷரே, ஏதோ ஒரு ஜீன்தான் ஆளை சிகரெட் பக்கமும் தள்ளுது கேன்சர் பக்கமும் தள்ளுதோன்னு கேட்டார். அவர் பைப் பிடிக்கிறவர், சிகரெட் கம்பெனிகளுக்கு ஆலோசகராவும் இருந்தார், ஆனா கேள்வி நியாயமான கேள்விதான், அதுக்கு பதில் சொல்லியே ஆகணும். பதில் ஒரே ஸ்டடிலேர்ந்து வரல. அளவு கூடக் கூட ஆபத்து கூடுது, விட்டா குறையுது, பல நாட்டுல பல விதமான கூட்டத்துல திரும்பத் திரும்ப அதே வருது, புகைல கேன்சர் உண்டாக்குற பொருள் இருக்குன்னு லேப்ல தெரியுது, வித்தியாசமும் இருபது முப்பது சதவீதம் இல்ல, பல மடங்கு. ஜீன்தான் காரணம்னா, சிகரெட்டை விட்டவங்களுக்கு தொடர்ந்து பிடிக்கிறவங்களை விட ஆபத்து ஏன் குறையணும்? ஹில் 1965ல இந்த மாதிரி ஒன்பது கோணத்தை வரிசையா எழுதி வெச்சார், இன்னைக்கும் பொது சுகாதாரம் படிக்கிற பசங்க அதைப் படிக்கிறாங்க. காபி குடிச்சா ஆயுசு கூடும், முட்டை சாப்பிட்டா குறையும்னு வர்ற செய்திகளை அந்த கோணங்கள்ல நிறுத்திப் பாத்தா பலது நிக்காது, வித்தியாசம் சின்னது, ஒரு ஸ்டடில வர்றது அடுத்ததுல வராது, சாப்பாட்டுக் கேள்வியே "போன வருஷம் வாரத்துக்கு எத்தனை தடவை சாப்பிட்டீங்க"ங்கிற மாதிரி இருக்கும், யாரால சரியா சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம், யாரைப் பின்தொடர்ந்தாங்கங்கிறது. ஃப்ராமிங்ஹாம்ல ஆரம்பத்துல சேந்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரங்க. பிபி கெட்டதுங்கிறது எல்லாருக்கும் பொருந்தும், ஆனா உங்களுக்கு பத்து வருஷத்துல ஹார்ட் அட்டாக் வர எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு அந்த டேட்டால செஞ்ச கணக்கு நம்ம உடம்புக்கு அப்படியே பொருந்தாது. அதனாலதான் நம்ம ஊர் கோஹார்ட் நமக்குத் தேவை. 1969ல வேலூர்லயும் டெல்லிலயும் அந்த மாதிரி ரெண்டு ஆரம்பிச்சாங்க, அங்க பொறந்த குழந்தைங்களைப் பொறந்ததுலேர்ந்து எடை, உயரம் எடுத்து, வளந்து பெரியவங்களாகற வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. சென்னைல 2001ல நகரத்துல 26,001 பெரியவங்களைப் பரிசோதிச்சு சர்க்கரை நோய் ஆராய்ச்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவங்கள்ல ஒரு பகுதி பேரை வருஷங்கள் கழிச்சு மறுபடி தேடிப் பிடிச்சுப் பாத்தாங்க.

டெல்லில எட்டாயிரத்துக்கும் மேல குழந்தைங்க. நடுவுல அங்கீகாரம் இல்லாத வீடுகளை இடிச்சதால பல குடும்பம் எங்க போச்சுன்னே தெரியல, கடைசில 26லேர்ந்து 32 வயசுல ரத்தப் பரிசோதனைக்கு வந்து, 2004ல வெளியான கட்டுரைல கணக்குல சேந்தவங்க 1,492 பேர். காணாம போனவங்க வந்தவங்களை விட ஏழையா இருந்திருந்தா ரிசல்ட் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், இந்த மாதிரி ஸ்டடில எப்பவும் கேக்க வேண்டிய கேள்வி அது. ஆனா வந்தவங்ககிட்ட தெரிஞ்சது முக்கியமானது. முப்பது வயசு வாக்குலயே சர்க்கரை நோயோ அதுக்கு முந்தின கட்டமோ வந்தவங்க, ரெண்டு வயசு வரைக்கும் மத்த குழந்தைங்களை விட ஒல்லியா இருந்துருக்காங்க, அதுக்கப்புறம் மத்தவங்களை விட வேகமா எடை போட்டுருக்காங்க. சின்ன வயசுல அவங்கள்ல யாரையும் பாத்து குண்டுன்னு சொல்லியிருக்க முடியாது, ஏன்னா 12 வயசுலகூட அவங்கள்ல ஒருத்தரும் உடல்பருமன்ங்கிற அளவுக்குப் போகல. ஒரு நாள் எடுத்த எடைல தெரியாத விஷயம், வருஷா வருஷம் எடுத்து எழுதி வெச்ச எடைல தெரிஞ்சுது. உங்க குழந்தை தடுப்பூசி அட்டைல எடை குறிக்கிற கோடு இருக்கும் பாருங்க, அதை ஒவ்வொரு தடவையும் நிரப்பச் சொல்லிக் கேளுங்க, அட்டையைத் தொலைச்சுடாம வெச்சுக்கோங்க.